பதினைந்து வாரம், ஒரு வட்டம்: ருவாண்டா பயணக் குறிப்புகள்

முதல் நாள் – கிகாலி, கிசோசி

இனப்படுகொலைக்குப் பின் ஒரே ஊரில் வாழ வேண்டியவர்கள் பதினைந்து வாரம் வட்டமாக உட்காரும் ஒரு குழுச் சிகிச்சையை அறியத்தான் இந்தப் பயணம். ஆனால் ருவாண்டாவில் மனநலப் பணியைப் பற்றிப் பேச்செடுத்தால் கிசோசியில்தான் தொடங்க வேண்டும். கிகாலி நகரத்தின் ஒரு குன்றுச் சரிவில் 2004-ல் திறக்கப்பட்ட நினைவகம் அது. தோட்டத்தில் அகலமான கான்கிரீட் பலகைகள் படுத்திருக்கின்றன. அவற்றுக்கு அடியில் 2,50,000-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1994 ஏப்ரல் 7-ல் தொடங்கி ஏறத்தாழ 100 நாள், டூட்சி இனத்தவர்மேல் ஹூட்டுத் தீவிரவாதிகள் நடத்திய இனப்படுகொலையில் இறந்தவர்கள் 8 லட்சம் என்பார்கள், 10 லட்சத்துக்கும் மேல் என்பார்கள். கொல்ல மறுத்த ஹூட்டுக்களும் கொல்லப்பட்டார்கள்.

உளவியலாளருக்கு எண்ணிக்கையைவிட முக்கியமானது, யார் கொன்றார்கள் என்பது. படையும் ஆயுதக் கும்பலும் இருந்தன, உண்மை. ஆனால் அவர்களோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரர், ஒரே தேவாலயத்தில் பாடியவர், பிள்ளைக்குப் பாடம் சொன்னவர் எல்லோரும் வெட்டுக்கத்தியை எடுத்தார்கள். இரு தரப்புக்கும் பேச்சு ஒன்றே, கின்யருவாண்டா. வேறு நாடுகளில் சண்டை ஓய்ந்தால் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கத்தையும் தள்ளி வைக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. சிறையிலிருந்து வந்தவரும் அவரால் குடும்பத்தை இழந்தவரும் ஒரே குழாயடியில் மஞ்சள் கேனை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு நிற்கிறார்கள். சமரசம் என்பது தலைவர்கள் கையெழுத்துப் போடும் மேசையைத் தாண்டி இந்தக் குழாயடிக்கு வந்தால்தான் உண்டு.

ஆண்டுதோறும் ஏப்ரல் 7 முதல் ஒரு வாரம் தேசிய நினைவு வாரம். அந்த நாளிலிருந்து 100 நாள் நினைவுக் காலம். இந்த நாட்களில் மனநலப் பணியாளர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கூட்டத்தில் ஒருவர் திடீரென்று அலறுவார், ஓடுவார், மேசைக்கு அடியில் பதுங்குவார், “வந்துவிட்டார்கள்” என்பார். அவருக்கு அந்த நிமிடம் 1994. இதற்கு மக்கள் வழங்கும் சொல் இஹஹமுகா. நுரையீரல் இல்லாமல் போனது போல, மூச்சு நின்றுபோகும் அச்சம் என்று பொருள்.

முதலுதவியில் பயிற்சி பெற்றவர்கள் செய்வது இதுதான். கூட்டம் தொடங்குமுன்பே, மேடைக்குப் பக்கவாட்டில், ஒலிபெருக்கிச் சத்தம் குறைவாகக் கேட்கும் இடத்தில் ஒரு கூடாரம் போட்டு, பாய், தண்ணீர், போர்வை வைத்துவிட வேண்டும். ஒருவருக்கு வந்தவுடன் இரண்டு பேர் மட்டும் போக வேண்டும். பின்னாலிருந்து பிடிக்கவே கூடாது. அது துரத்திவந்தவனின் பிடியாகத்தான் அவருக்குத் தெரியும். முன்னால் வந்து, கண்மட்டத்துக்குக் குனிந்து, தன் பெயரைச் சொல்லி, இது எந்த ஊர், என்ன கிழமை என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தரையைக் கையால் தொடச் சொல்வது உதவும். கதையைக் கேட்கக் கூடாது, அதற்கு நேரம் பின்னால் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்குவது பாதி வேலை. ஏனென்றால் இது பரவும். ஒருவரின் அலறல் அடுத்த வரிசையில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். பல கூட்டங்களில் ஒன்று பத்தாகி இருக்கிறது. அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுவரை முதலுதவி முடிந்ததாகக் கணக்கில்லை. பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான்.

“ஆணின் கண்ணீர் வயிற்றுக்குள் வடியும்” என்று கின்யருவாண்டாவில் ஒரு பழமொழி உண்டு. துக்கத்தை வெளியே காட்டுவது இந்தப் பண்பாட்டில் மரியாதைக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்து, கதவை மூடி, எதிரே நாற்காலி போட்டு “உங்கள் உணர்வைச் சொல்லுங்கள்” என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்காததன் காரணம் இதில் இருக்கிறது.

இரண்டாம் நாள் – புகெசேரா

கிகாலிக்குத் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் புகெசேரா மாவட்டத்து நியாமாட்டா. வழியெல்லாம் செம்மண் தூசி. வறண்ட காலம் தொடங்கிவிட்டது. 1959-க்குப் பிறகு நடந்த வன்முறைகளில் துரத்தப்பட்ட டூட்சிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய பகுதி இது. அப்போது இது ட்செட்சே ஈ மொய்க்கும் காடு.

நியாமாட்டா தேவாலயத்தின் தகரக் கூரையில் சிறு சிறு துளைகள். எறிகுண்டுச் சிதறல் போட்டவை. பகலில் உள்ளே நின்று அண்ணாந்தால் ஒவ்வொரு துளையும் ஒரு வெளிச்சப் புள்ளி. கீழே, மக்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளின் மேல், இறந்தவர்களின் உடைகள் குவிக்கப்பட்டிருக்கின்றன. சாயம் போய், எல்லாம் ஒரே மண் நிறமாகிவிட்டது. குவியலுக்குள் ஒரு குழந்தைச் சட்டையின் காலர் மட்டும் தனியாகத் தெரிகிறது. 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நான்கு ருவாண்டா நினைவிடங்களில் இதுவும் ஒன்று.

மக்கள் ஏன் இங்கே ஓடிவந்தார்கள்? 1992 மார்ச்சில் புகெசேராவில் டூட்சிகள் தாக்கப்பட்டபோது தேவாலய வளாகத்தில் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். அப்போது இங்கே பணிசெய்த இத்தாலியப் பெண் அந்தோனியா லோக்காதெல்லி நடப்பதை வெளிநாட்டு வானொலிக்குச் சொன்னார். சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. 1994-ல் அதே நம்பிக்கையோடு ஆயிரக்கணக்கானோர் வந்து கதவைப் பூட்டிக்கொண்டார்கள்.

அடைக்கலம் என்று நம்பிய இடமே கொலைக்களமானது உளவியலில் தனியான காயம். வெறும் அச்சம் மட்டும் என்றால் இடம் மாறினால் குறையும். இங்கே உடைந்தது இடத்தின் மேல், ஊர்ப் பெரியவர் மேல், வேதம் சொன்னவர் மேல் இருந்த நம்பிக்கை. அதனால்தான் தப்பிப் பிழைத்தவர்களோடு வேலை செய்கிறவர்கள் கூடும் இடத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தேவாலயக் கூடம் வசதியாக இருக்கும், வாடகை இருக்காது என்று நாமாக முடிவு செய்தால் சிலர் வாசலோடு நின்றுவிடுவார்கள், காரணத்தையும் சொல்லமாட்டார்கள்.

பக்கத்தில் ம்பியோ என்ற ஊர். சமரசக் கிராமம் என்ற பெயரில் பலரும் அறிந்த இடம். பிழைத்தவர்களும் தண்டனை முடித்து வந்தவர்களும் சேர்ந்து செங்கல் அறுத்து வீடு கட்டி அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள். ‘ப்ரிசன் ஃபெல்லோஷிப் ருவாண்டா’ என்ற கிறிஸ்தவ அமைப்பு தொடங்கிவைத்தது. வருகிறவர்களுக்கு முன் இருவர் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வதும் உண்டு. அதைப் பற்றி ஒரு கருத்து. உழைப்பைப் பகிர்ந்தது, கூரையைச் சேர்ந்து தூக்கியது, பசுவைப் பங்கு போட்டது: இவைதான் அங்கே மருந்து. பார்வையாளர்களுக்காகக் கதையை நூறாவது தடவை சொல்லவைப்பது மருந்து இல்லை. போகிறவர்கள் கேள்வியை வீடு, பயிர், பிள்ளைகள் படிப்பு என்று வைத்துக்கொண்டால் நல்லது.

மூன்றாம் நாள் – பியும்பா

கிகாலிக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மலையேற்றம், வளைவுக்கு வளைவு தேயிலை. குளிரில் பல் கிட்டுகிறது. இந்தப் பயணத்துக்கே காரணம் இந்த ஊர்தான்.

2005-ல் பியும்பா ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் துணையோடு, நெதர்லாந்தைச் சேர்ந்த கோரா டெக்கர் என்பவரின் பயிற்சியில் இங்கே சமூகக் குழுச் சிகிச்சை தொடங்கியது. ‘சோஷியோதெரபி’ என்று அங்கே சொல்கிறார்கள். மக்கள் வைத்த பெயர் ம்வுரா ந்குவுரே: நீ என்னைக் குணமாக்கு, நான் உன்னைக் குணமாக்குகிறேன். பெயரிலேயே முறை இருக்கிறது. இதில் வைத்தியர் இல்லை. நோயாளிகள் ஒருவருக்கொருவர் வைத்தியர்.

கணக்கு இப்படி. ஒரு குழுவில் 10 முதல் 15 பேர். வாரம் ஒருமுறை, ஏறத்தாழ மூன்று மணி நேரம், மொத்தம் 15 வாரம். இரண்டு நடத்துநர்கள், இருவரும் அதே பகுதிக்காரர்கள். ஆசிரியராகவோ விவசாயியாகவோ இருப்பார்கள், உளவியல் பட்டம் தேவையில்லை. குழுவுக்குள் கணவனை இழந்தவர், சிறையிலிருந்து வந்தவர், சிறையிலிருப்பவரின் மனைவி, அகதி முகாமிலிருந்து திரும்பியவர், நிலத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி என எல்லோரும் கலந்திருப்பார்கள். “இது படுகொலைக்கான குழு” என்று யாரும் அறிவிப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில் மனம் நொந்தவர்கள் வரலாம், அவ்வளவுதான்.

குழு நடக்கும்போது வெளியாட்கள் உள்ளே போவது சரியில்லை. ஒரு புதிய முகம் வந்தாலே அன்றைய மூன்று மணி நேரமும் அந்த முகத்துக்காக நடக்கும் பேச்சாகிவிடும். ஆகவே இன்று எழுதுவது காலி அறையைப் பற்றியும் முறையைப் பற்றியும்தான்.

அறையில் நீளப் பெஞ்சுகள். பள்ளிக்கூடத்தில் கிடப்பவை. வட்டத்துக்கு அவை ஒத்துவராது. நான்கு பெஞ்சைச் சதுரமாகப் போட்டால் மூலையில் இருப்பவர் மறைந்துபோவார், ஒரே பெஞ்சில் இருப்பவர்கள் ஒரு கட்சியாகிவிடுவார்கள். தனித்தனி நாற்காலி, இல்லையென்றால் தரையில் பாய். நடத்துநருக்கும் அதே பாய்தான், மேசை கிடையாது, கையில் நோட்டுப் புத்தகமும் கிடையாது. படுகொலை வழக்குகளுக்காக ஊருக்கு ஊர் நடந்த கச்சாச்சா என்ற ஊர் மன்ற விசாரணைகளில் ஊரார் சொன்னது எல்லாம் எழுதப்பட்டது. பேனாவைக் கண்டாலே வாய் மூடிக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நடத்துநர்கள் வீட்டுக்குப் போய்த்தான் குறிப்பு எழுதுவார்கள்.

15 வாரத்துக்கும் ஆறு கட்டம் உண்டு: பாதுகாப்பு, நம்பிக்கை, அக்கறை, மரியாதை, புதிய வாழ்க்கை நெறி, நினைவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் போகும். வரிசையைக் கவனியுங்கள். நினைவு கடைசியில் இருக்கிறது. “முதலில் நடந்ததைச் சொல்லு, அப்புறம் சமாதானம்” என்று உலகம் முழுக்கப் பரவிய வழக்கத்தை இது தலைகீழாக்குகிறது. 1994-ஐப் பற்றி முதல் பத்து வாரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். யாராவது தானாகச் சொன்னால் தடுக்கவும் மாட்டார்கள். கேட்டுக்கொண்டு, அவரைத் தாங்கி, மறுபடி அன்றைய பொருளுக்கு வருவார்கள்.

முதல் கட்டத்தில் குழுவே விதிகளை வகுக்கும். கைபேசியை அணைப்பது, ஒருவர் பேசும்போது குறுக்கிடாமலிருப்பது, இங்கே கேட்டதை வெளியே சொல்லாமலிருப்பது. நடத்துநர் எழுதிக்கொண்டு வந்து வாசித்தால் அது அரசாங்க உத்தரவு ஆகிவிடும், பதினைந்து தலையும் ஆடும், ஒருவரும் கடைப்பிடிக்கமாட்டார்கள். அதனால் “இந்த அறையில் எது நடந்தால் நீங்கள் அடுத்த வாரம் வரமாட்டீர்கள்?” என்று கேட்பார்கள். வருகிற பதில்களை விதியாகத் திருப்பிப் போடுவது குழுவின் வேலை. ஒரு முழு வாரம் இதற்கே போகும். போகட்டும். யாருக்கும் சொல்ல உரிமையில்லாத ஊரில் நாமே ஒரு விதி செய்தோம் என்பது அந்த மூன்று மணி நேரத்தின் முதல் சம்பாத்தியம்.

நம்பிக்கைக் கட்டத்தில் கண்கட்டி நடக்கும் பயிற்சி ஒன்று உண்டு. கிட்டெங்கே என்ற அச்சுப் பருத்தித் துணித் துண்டால் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, மற்றவர் கையைப் பிடித்து முற்றத்தைச் சுற்றி, படி இறக்கி, மரத்தை ஒதுக்கி அழைத்துவருவார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். இதை மூன்றாவது வாரத்துக்கு முன் செய்யக் கூடாது. யாரோடு யார் என்று நடத்துநர் தீர்மானிக்கவும் கூடாது. கண்கட்டே சிலருக்கு 1994-க்குத் திரும்பிப்போகும் கதவு. ஆகவே “கண்ணைக் கட்டாமல் மூடிக்கொண்டால் போதும், திறந்துவிடவும் செய்யலாம்” என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடிந்ததும் கேட்கிற கேள்வி, பயமாக இருந்ததா என்பதில்லை. “கூட்டிப்போனவர் என்ன செய்தபோது உங்கள் கால் துணிந்தது?” என்பதுதான். பதில்கள் நுணுக்கமாக வரும். படி வருகிறது என்று முன்பே சொன்னார். கையை இறுக்கவில்லை. நான் நின்றபோது இழுக்கவில்லை. நம்பிக்கை என்ற பெரிய சொல் இந்தச் சின்னச் சின்ன செயல்களாக உடைந்துவிடுகிறது. உடைந்தால்தான் வீட்டுக்கு எடுத்துப்போக முடியும்.

இரண்டு நடத்துநர் எதற்கு என்றால், ஒருவர் பேச்சை நடத்துவார், மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது எழுந்து வெளியே போனால் பின்னால் போவது இரண்டாமவர் வேலை. வட்டம் நிற்காது.

இதனால் பலன் உண்டா என்று இதே பியும்பாவில் அளந்திருக்கிறார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வில் குழுவுக்கு வந்த 100 பேரையும் வராத 100 பேரையும் ஒப்பிட்டார்கள். கருவி, ஆம்–இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள்: தூக்கம் வருகிறதா, தலைவலி உண்டா, பசிக்கிறதா என்பது மாதிரி. வந்தவர்களின் மனநலம் கூடுதலாகத் தேறியது. குழு முடிந்து 8 மாதம் கழித்து அளந்தபோதும் அந்த வேறுபாடு நின்றது. யார் எந்தப் பக்கம் என்பது சீட்டுப் போட்டுப் பிரித்ததல்ல என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும்.

நான்காம் நாள் – பியும்பாவிலேயே

நேற்று எழுதியது முறை. அது எங்கே சறுக்கும் என்பதை இன்று சொல்லியாக வேண்டும்.

பயணப்படி. வேறு திட்டங்கள் கூட்டத்துக்கு வந்தால் காசு கொடுக்கும் வழக்கத்தைப் பழக்கிவைத்திருக்கின்றன. இங்கே காசு இல்லை. இரண்டாம் வாரம் சிலர் நின்றுவிடுவார்கள். அதற்காகப் பணம் கொடுக்கத் தொடங்கினால் அடுத்த குழுவில் பணத்துக்காக வருகிறவர்கள்தான் இருப்பார்கள். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவதும், நடந்து வரக்கூடிய தூரத்தில் இடம் பார்ப்பதும்தான் வழி.

ஊர் அதிகாரி. நல்ல எண்ணத்தோடுதான் வந்து உட்காருவார். அவர் இருக்கும்வரை எல்லோரும் “இப்போது நாங்கள் எல்லோரும் ருவாண்டர்கள், பிரச்சினை எதுவும் இல்லை” என்றே சொல்வார்கள். அரசின் சமரச அளவீடு 2010-ல் 82.3 சதவீதம், 2015-ல் 92.5, 2020-ல் 94.7 என்று ஏறியிருக்கிறது. அதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் பொது இடத்தில் கேட்டால் பொது இடத்துக்கான பதில் வரும் என்பதை மறந்து அதை வாசிக்கக் கூடாது. அதிகாரிக்குக் குழு தொடங்குமுன் தனியே முறையை விளக்கி, முடிவு விழாவுக்கு அழைப்பது நடைமுறையில் வேலை செய்கிறது.

இரகசியம் கசிவது. இது நடக்கும். நடந்தால் குழுவைக் கலைத்துவிடத் தோன்றும். மாறாக அடுத்த வாரம் அதையே பொருளாக எடுத்து, யார் சொன்னது என்று தேடாமல், “நாம் செய்த விதி உடைந்துவிட்டது, இதை என்ன செய்யலாம்?” என்று வட்டத்தில் வைத்தால் சில குழுக்கள் முன்னைவிட உறுதியாகும். சில உடையும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மன்னிப்பு. கின்யருவாண்டாவில் இம்பாபஸி. கச்சாச்சா சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவருக்குத் தண்டனை குறைந்தது. சட்டத்துக்கு அதில் நியாயம் இருந்தது: 1990-களின் கடைசியில் சிறைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெரிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் மன்னிப்புக்கு ஒரு விலை வந்துவிட்டது. கேட்டவர் உண்மையாகத்தான் கேட்டாரா, ஆண்டுகளைக் குறைக்கக் கேட்டாரா என்பது பிழைத்தவருக்கு இன்றும் தெரியாது. நீண்ட தண்டனை முடித்தவர்கள் இப்போது ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வந்த வாரமே மன்னிப்புக் கேட்க வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அவருக்குப் பாரம் இறங்கும், கதவைத் திறந்தவருக்கு அன்று இரவு தூக்கம் போகும்.

குழுவில் யாராவது இப்படி அவசரப்பட்டால் நடத்துநர் கேட்க வேண்டியது: “அவர் உங்களிடம் எதைக் கேட்கிறார் தெரியுமா?” பெரும்பாலும் பிழைத்தவர் கேட்பது மன்னிப்பையல்ல, தகவலை. என் பிள்ளையை எங்கே போட்டீர்கள்? எந்தக் கிணறு, எந்தக் கழிவுக் குழி? எலும்பை எடுத்துக் கழுவி, மரியாதையோடு புதைத்தால்தான் துக்கம் தொடங்கவே செய்யும். ஒப்புக்கொண்டவர்களிலும் பலர் இடத்தைச் சொல்லவில்லை. கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டிவருமே என்ற பயம் அதில் ஒன்று. மன்னிப்பு வேண்டும் என்பவருக்கு ஒரு வரிசையைச் சொல்லித்தருகிறார்கள்: முதலில் உண்மை, இடம் உட்பட. பிறகு திருடியதைத் திருப்பிக் கொடுப்பது. கச்சாச்சாவுக்கு வந்த வழக்குகளில் பெரும் பங்கு சொத்துக் கொள்ளைதான், அந்தப் பாக்கி இன்னும் பலரிடம் இருக்கிறது. பிறகு உழைப்பு: வயலைக் கொத்திக் கொடுப்பது, கூரை போட்டுக் கொடுப்பது. மன்னிப்புக் கேட்பது அதற்கும் பின்னால். கேட்டாலும், இல்லை என்று சொல்ல எதிரே இருப்பவருக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை ஊரும் தேவாலயமும் பறித்துவிடாமல் காப்பதும் உளவியலாளரின் கடமை. “இன்னுமா மன்னிக்கவில்லை?” என்று ஒரு தாயைப் பார்த்துக் கேட்பது கொடுமை.

ஐந்தாம் நாள் – கமோன்யி வழியாக ஹுயே

தெற்கே ஹுயே போகும் சாலை கமோன்யி மாவட்டத்தைத் தாண்டுகிறது. பழைய தாபா வட்டாரம் இங்கேதான். இதன் மேயராக இருந்த ழான்-பால் அகயேசு மேல்தான் தான்சானியாவின் ஆருஷாவிலிருந்த ஐ.நா. தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2-ல் இனப்படுகொலைக் குற்றத்துக்கான முதல் தீர்ப்பைச் சொன்னது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று உலகில் முதன்முதலாக ஒரு சர்வதேச நீதிமன்றம் ஏற்றதும் அதே தீர்ப்பில். அமர்விலிருந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண், டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை.

முதலில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் அந்தக் குற்றச்சாட்டே இல்லை. வேறு எதையோ சொல்ல வந்த பெண் சாட்சிகள் அதைச் சொன்னார்கள், மேற்கொண்டு விசாரித்தார்கள், 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. கேட்கத் தெரிந்த காது இருந்தால்தான் சில உண்மைகள் வெளியே வரும்.

ஆனால் சொல்வதே குணமாக்கிவிடும் என்பது வேறு கூற்று, அது நிரூபணமாகவில்லை. கச்சாச்சா அதற்குப் பெரிய பாடம். புல்வெளியில் உட்கார்ந்து ஊர்ப் பெரியவர்கள் வழக்குத் தீர்க்கும் பழைய முறையை எடுத்து 2002-ல் சோதனையாக, 2005-ல் நாடு முழுக்க நடத்தினார்கள். ஏறத்தாழ 12,000 மன்றங்கள், 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். 2012 ஜூன் 18-ல் மூடினார்கள். நீதிபதிகள் ஊரார் தேர்ந்தெடுத்த இன்யாங்காமுகாயோ, நேர்மையாளர்கள். சட்டப் படிப்பு இல்லாதவர்கள். வேறு எந்த வழியிலும் அந்த வழக்குகள் ஒரு தலைமுறைக்குள் முடிந்திருக்காது, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஸ்வீடன் ஆய்வாளர் காரென் ப்ரூனேயுஸ் 1,200 ருவாண்டர்களிடம் எடுத்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. கச்சாச்சாவில் சாட்சி சொன்னவர்களிடம் மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயும் சாட்சி சொல்லாதவர்களைவிட அதிகமாக இருந்தன. ஏன் என்று யோசித்தால் அந்தப் புல்வெளி கண்முன் வரும். சாட்சி எழுந்து நிற்கிறார். எதிரே குற்றவாளி, சுற்றிலும் அவருடைய உறவினர்கள். பேச்சு ஒருமுறைதான். யாராவது சிரிக்கிறார்கள். முடிந்ததும் தனியாக அதே பாதையில் வீட்டுக்கு நடக்க வேண்டும். மூன்றாம் நாள் சொன்ன ஆறு கட்டத்தில் முதல் ஐந்தும் இல்லாமல் ஆறாவது மட்டும்.

சாட்சிக்குத் துணை நிற்கிறவர்கள் இதிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். சாட்சிக்கு முந்தைய வாரம் என்ன கேட்பார்கள், யார் இருப்பார்கள், எங்கே உட்காருவார்கள் என்று நடத்திக் காட்டுவது. அன்று பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர். திரும்பும் வழியில் துணை. அன்று இரவு வீட்டில் தனியாக விடாமலிருப்பது. ஒன்று, நான்கு, பன்னிரண்டாம் வாரங்களில் போய்ப் பார்ப்பது. செலவு அதிகமில்லாத காரியங்கள்.

ஆறாம் நாள் – மறுபடி கிகாலி, வானொலி

1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய, ஹூட்டுத் தீவிரவாதிகளின் ஆர்.டி.எல்.எம். வானொலி பாட்டும் கேலியுமாக இளைஞர்களைப் பிடித்தது. டூட்சிகளை இன்யென்ஸி, கரப்பான் பூச்சி, என்றது. படுகொலை நாட்களில் ஆள் பெயரையும் ஒளிந்திருக்கும் இடத்தையும் வாசித்தது. அதை நடத்தியவர்களுக்கும் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கும் எதிரான வழக்கின் தீர்ப்பு 2003 டிசம்பரில் வந்தது. அந்த அமர்வின் தலைமை நீதிபதியும் நவநீதம் பிள்ளைதான்.

அடுத்த ஆண்டே அதே வானலையில் வேறொன்று தொடங்கியது. முசெகெவெயா, புதிய விடியல் என்ற நாடகத் தொடர். ரேடியோ லா பெனெவொலென்சியா என்ற நெதர்லாந்து அமைப்பின் தயாரிப்பு. அதன் உளவியல் அடித்தளம் எர்வின் ஸ்டாப் அமைத்தது. 1938-ல் ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் நாஜிக் காலத்தை வெளிநாட்டுத் தூதரகம் கொடுத்த பாதுகாப்புச் சீட்டுகளால் கடந்து பிழைத்தவர். பின்னாளில் மாசசூசெட்ஸில் பேராசிரியர். லாரி ஆன் பெர்ல்மனோடு 1999-லிருந்து ருவாண்டாவில் பயிற்சி நடத்தினார். ஒரு சமூகம் படுகொலைவரை படிப்படியாகத்தான் இறங்குகிறது என்பது அவர் கொள்கை. வாழ்க்கை நெருக்கடி வரும், பழிபோட ஒரு கூட்டம் கிடைக்கும், அவர்களைத் தாழ்த்தும் பேச்சு பழகிப்போகும், சிறு அடி பெரிய அடியாகும். ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள் அடுத்த படிக்கு அனுமதி கொடுக்கிறார்கள்.

பயிற்சியில் பிற நாட்டுப் படுகொலைகளைப் பற்றியும் சொன்னபோது, “இது மற்றவர்களுக்கும் நடந்திருக்கிறது, அப்படியென்றால் கடவுள் எங்களை மட்டும் கைவிடவில்லை” என்ற பொருளில் பங்கேற்றவர்கள் பேசியதை ஸ்டாப் பதிவு செய்திருக்கிறார். காரணம் தெரிவதே ஒரு ஆறுதல். காரணம் தெரிந்தால் எங்கே நிறுத்தியிருக்கலாம் என்பதும் தெரியும்.

நாடகத்தில் ஹூட்டு, டூட்சி என்ற சொற்கள் கிடையாது. புமான்ஸி, முஹுமுரோ என்று இரண்டு கற்பனைக் கிராமங்கள், நடுவில் வளமான பள்ளத்தாக்கு நிலம். அதற்கான தகராறு தாக்குதலாகிறது. ஒரு பக்கத்துப் பெண் பதாமுலிசா, மறுபக்கத்து இளைஞன் ஷேமா இருவரும் காதலிக்கிறார்கள், சேர்ந்து எதிர்த்துப் பேசுகிறார்கள். வில்லன் ஒரே நாளில் வில்லனாவதில்லை, அவன் தாய் அவனை எப்படி நடத்தினாள் என்பதுவரை காட்டுகிறார்கள். எழுத்தாளர்களுக்கு வேலை கடினம்: ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு கருத்து உள்ளே போக வேண்டும், ஆனால் கேட்பவர் பாடம் என்று கண்டுபிடித்தால் ரேடியோவை மூடிவிடுவார்.

அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக் இந்த நாடகத்தின் பலனை ஓராண்டு சோதித்து 2009-ல் வெளியிட்டார். சில ஊர்களில் இந்த நாடகத்தையும், ஒப்பிடுவதற்காகச் சில ஊர்களில் உடல்நலம் பற்றிய நாடகத்தையும் மாதம்தோறும் மக்கள் கூடிக் கேட்டார்கள். முடிவு உளவியலாளர்களையே யோசிக்கவைத்தது. தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது, “எங்கள் ஊரில் எது சகஜம்” என்ற எண்ணமும், நடத்தையும். கலப்பு மணம் நடக்கலாம், கருத்து வேறுபட்டால் வாய் திறக்கலாம், காயத்தைப் பற்றிப் பேசலாம் என்பது அவர்கள் ஊர் வழக்கமாகத் தெரியத் தொடங்கியது.

இதையே எல்லைக்கு அப்பால் கிழக்குக் காங்கோவில் செய்தபோது சறுக்கியது. அங்கே நாடகத்தோடு, கேட்டவர்களை விவாதிக்கத் தூண்டும் பேச்சு நிகழ்ச்சியையும் சேர்த்தார்கள். அதைக் கேட்டவர்கள் அதிகம் விவாதித்தார்கள், அதிகம் குறைபட்டார்கள், பிடிக்காத கூட்டத்துக்கு உதவ இன்னும் தயங்கினார்கள். சண்டை ஓயாத இடத்தில், வழிநடத்த ஆளில்லாமல், பேசச் சொன்னால் பேச்சு பழைய காயத்தைத்தான் சுற்றும். பியும்பாவில் பத்து வாரம் ஏன் காத்திருக்கிறார்கள் என்பதற்கு இது இன்னொரு சான்று.

ருவாண்டா ஆய்வின் கடைசி நாளில் ஒன்று செய்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கேசட் ரேடியோ, நாடகக் கேசட்டுகள், பேட்டரிகள் பரிசாகக் கொடுத்தார்கள். எப்படிப் பங்கிடுவது என்று ஊரே முடிவு செய்யட்டும் என்று விலகி நின்று கவனித்தார்கள். உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில் யாராவது உடனே உள்ளூர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிடலாம் என்பார், பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்தது. முசெகெவெயா கேட்ட ஊர்களில் ஒருவர் அப்படிச் சொன்னதும் இன்னொருவர் மறுத்தார். யார் வீட்டில் வைப்பது, எந்த நாளில் கேட்பது, பேட்டரி தீர்ந்தால் காசு எப்படிச் சேர்ப்பது என்று பேச்சு நீண்டது. ரேடியோ எல்லோருக்கும் பொது, நாமே பார்த்துக்கொள்வோம் என்ற பக்கம் சாய்ந்தார்கள்.